தைரியத்துக்கு 18,000 ரூபாயா?

கேள்வி: அம்மாவுக்கு 47 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்து நான்கு மாதம் ஆகிறது. இப்போது நோய் திரும்பாமல் இருக்கத் தரும் தமாக்சிஃபென் மாத்திரை மட்டும். அப்போதெல்லாம் திடமாக இருந்தவர், மூன்று மாதமாக யாரிடமும் பேசுவதில்லை. விடிகாலை 3 மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். 'மனசு தளர்ந்தால் நோய் திரும்பிவிடும்' என்கிறார் அத்தை. ஆஸ்பத்திரியில் பழக்கமான ஒருவர், 10 நாள் மனவலிமைப் பயிற்சிக்கு 18,000 ரூபாய் ஆகும் என்கிறார். சேர்க்கலாமா?
- வாசகி, சேலம்

பதில்: வேண்டாம். அந்தப் பணம் அடுத்தடுத்த செக்கப்புக்கு ஆகும், பத்திரமாக வையுங்கள்.

முதலில் அத்தை விஷயம். மனம் தளர்ந்ததால் புற்றுநோய் திரும்பும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது. குழுவாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசிய, நோய் பரவிய மார்பகப் புற்றுநோயாளிகள் கூடுதல் காலம் வாழ்ந்ததாக 1989இல் அமெரிக்காவில் டேவிட் ஸ்பீகல் குழுவினர் எழுதினார்கள். கனடாவில் 235 பெண்களை வைத்து அதையே செய்து பார்த்து 2001இல் முடிவை வெளியிட்டார்கள்: ஆயுள் கூடவில்லை. ஆனால் ஏற்கெனவே அதிகம் தவித்தவர்களுக்கு வேதனையும் வலியும் குறைந்தன. பேசுவதற்கு அந்தப் பலன் போதும். பயிற்சி விற்பவர்கள் முதல் ஆய்வை மட்டும் சொல்வார்கள்.

இந்த வியாபாரம் எனக்குப் பழக்கமானதுதான். கீமோ வார்டு வாசலில் காப்பி வாங்கிக் கொடுத்துப் பேச்சை ஆரம்பிப்பார்கள். ஆள் பிடித்துக் கொடுப்பவருக்குக் கமிஷன் உண்டு. பயிற்சி என்பது கைதட்டலும் 'நான் ஜெயிப்பேன்' என்று உரக்கச் சொல்வதும்தான். பத்தாம் நாளும் அழுகை நிற்கவில்லை என்றால், 'நீங்கள் முழுமனதோடு செய்யவில்லை' என்பார்கள். நோயும் அவர் தப்பு, சோர்வும் அவர் தப்பு என்றாகிவிடும்.

சிகிச்சை நடக்கும்போது டோக்கன், ரத்தப் பரிசோதனை, பஸ் என்று நாள் ஓடிவிடும். எல்லாம் முடிந்து, 'அதான் சரியாயிடுச்சே' என்று உறவுகள் கலைந்த பிறகுதான் பயம் வந்து உட்காரும். இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் எதிலும் பிடிப்பில்லாமல், நம்பிக்கையற்று இருந்தால் மனச்சோர்வு நோயா என்று பார்த்தே ஆக வேண்டும். உங்கள் அம்மாவுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் கூடவே பார்த்துவிடுங்கள். ராத்திரி உடம்பு கொதித்து வியர்த்து விழிப்பு வருகிறதா என்றும் கேளுங்கள், தமாக்சிஃபென் அப்படிச் செய்யும்.

சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. புற்றுநோய் ஓபியிலிருந்தே யாராவது அங்கே அனுப்பியிருக்கலாம். ஃபைலில் ஒவ்வொரு விசிட்டுக்கும் ஹீமோகுளோபின் எழுதியிருக்கும். 'தூங்கினீர்களா, அழுதீர்களா' என்பதற்கு ஒரு வரி இருக்காது. அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, அதனால் யாரும் பேசுவதில்லை.

மருந்து தேவைப்பட்டால் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். தமாக்சிஃபெனை வீரியமுள்ள பொருளாக மாற்றுவது ஈரலில் உள்ள ஒரு நொதி. மனச்சோர்வு மாத்திரைகளில் ஃப்ளூவோக்செட்டின், பராக்செட்டின் இரண்டும் அந்த நொதியைப் பலமாகத் தடுக்கும், அதனால் தமாக்சிஃபெனின் வேலை குறையலாம். ஃப்ளூவோக்செட்டின் விலை குறைவு, எங்கும் கிடைக்கும், கை பழக்கத்தில் எழுதிவிடுவார்கள். அம்மா சாப்பிடும் புற்றுநோய் மாத்திரை மனநல மருத்துவருக்கும், மனச்சோர்வு மாத்திரை புற்றுநோய் மருத்துவருக்கும் தெரியாமல் போகலாம். இரண்டு சீட்டையும் ஒன்றாகப் பார்க்கிற ஒரே ஆள் நீங்கள்தான். உட்கார்ந்ததும் 'அம்மா தமாக்சிஃபென் சாப்பிடுகிறார்' என்று சொல்லி அட்டையைக் காட்டுங்கள். வென்லாஃபாக்சின் போல மாற்று இருக்கிறது, அது உடம்புக் கொதிப்பையும் குறைக்கும். ஏற்கெனவே அந்த இரண்டில் ஒன்றைத் தொடங்கியிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள், மருத்துவர்தான் மாற்ற வேண்டும். எதுவானாலும் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பொறுக்காமல் மெடிக்கலில் தூக்க மாத்திரை கேட்டு வாங்காதீர்கள்.

'இருந்து என்ன பிரயோஜனம்' என்கிற மாதிரி ஏதாவது சொன்னால், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இரவிலும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.