ஸ்நோ கொட்டும் நாளில் நாய்க்கு என்ன கொடுக்கலாம்?

கேள்வி: டொரண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கிறோம். கோடையில் ஒரு நாயைத் தத்தெடுத்தோம். நான்கு வயது, 20 கிலோ, குட்டை முடி, கலப்பினம். எங்களோடு அவனுக்கு இதுதான் முதல் வின்டர். ஸ்நோ கொட்டுகிற நாட்களில் நானும் கணவரும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறோம். ரசம், கூழ், சொதி என்று ஏதாவது சுடச்சுட அடுப்பில் இருக்கும். அவன் சமையலறை வாசலிலேயே படுத்துக்கொண்டு முகத்தையே பார்க்கிறான். கொஞ்சம் கொடுத்தால் என்ன? வெளியே எவ்வளவு நேரம் விடலாம்? ஸ்நோவில் கால் வைத்ததும் ஒன்றுக்குக்கூடப் போகாமல் திரும்பி ஓடி வந்துவிடுகிறானே, என்ன செய்வது?

பதில்: நீங்கள் எழுதியதில் எனக்குக் கவலை தந்தது அடுப்பில் இருக்கிற ரசம்தான். குளிர் தாங்காவிட்டால் நாய் தானே வீட்டுக்குள் ஓடி வந்துவிடும். உங்கள் நாயும் அதைத்தான் செய்கிறான். சாப்பாட்டில் அந்த எச்சரிக்கை உணர்வு அதற்குக் கிடையாது. அதனால் சமையலறையிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் புளி. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். எதனால் என்பதுதான் பிடிபடாமல் இருந்தது. அமெரிக்காவின் விலங்கு நஞ்சுக் கட்டுப்பாட்டு மையத்து மருத்துவர்கள் 2021இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். குழந்தைகள் விளையாட வீட்டில் பிசைந்த மாவை ஒரு நாய் தின்றுவிட்டது. அதற்கும் திராட்சை தின்ற நாய்க்கு வருவது போன்ற சிறுநீரகப் பாதிப்பே வந்தது. அந்த மாவில் க்ரீம் ஆஃப் டார்டார் சேர்த்திருந்தார்கள். அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. திராட்சையிலும் அதே அமிலம் இருக்கிறது. அடுத்த ஆண்டு வந்த ஆய்வுக் கட்டுரையில், புளி தின்று சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நாய்களும் இருந்தன. நம் புளியின் புளிப்புக்குப் பெரும் பங்கு இந்த டார்டாரிக் அமிலம்தான்.

ஆக ரசம், புளிக்குழம்பு, புளி கரைத்த ஒடியல் (பனங்கிழங்கு மாவு) கூழ் எதுவும் அவனுக்கு வேண்டாம். தரையில் சிந்திய ரசத்தை ஒரு நக்கு நக்கிவிட்டான் என்றால் பதற வேண்டியதில்லை. ஆனால் இவ்வளவு வரை கொடுக்கலாம் என்று பாதுகாப்பான அளவு எதுவும் வகுக்கப்படவில்லை, அதனால் கொடுத்துப் பழக்காதீர்கள். அதைவிட முக்கியம், பழப்புளிப் பாக்கெட்டைக் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். இனிப்பும் புளிப்புமாக, மெல்லுவதற்கு வாகாக இருக்கிற அந்தக் கட்டியைச் சலிப்பில் இருக்கும் நாய் விட்டுவைக்காது.

டிசம்பரில் இன்னொன்று சேர்ந்துகொள்ளும்: நம் வீடுகளில் செய்கிற ரிச் கேக். உலர்திராட்சை, பிராந்தி, வெண்ணெய் என்று நாய்க்கு ஆகாத மூன்று ஒரே துண்டில். விருந்தாளி கதிரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போகும் தட்டுதான் இதில் ஆபத்து. பாயசத்தில் போடும் உலர்திராட்சையும் அதே கணக்குத்தான்.

அடுத்தது வெங்காயம், பூண்டு. இவை நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் வதக்கினாலும் பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது. உடல் எடையில் 0.5 சதவீதம் வெங்காயம் போதும் என்பது கால்நடை மருத்துவ நூல்களில் வருகிற கணக்கு. உங்கள் 20 கிலோ நாய்க்கு அது 100 கிராம், அதாவது நடுத்தர வெங்காயம் ஒன்று. பூண்டின் வீரியம் வெங்காயத்தைவிடப் பல மடங்கு. இதில் ஒரு சிக்கல், பாதிப்பு அன்றைக்கே தெரியாது. மூன்று நான்கு நாள் கழித்து நாய் சோர்ந்து, ஈறு வெளுத்து, சிறுநீர் கபில நிறமாகப் போகும்போது, திங்கட்கிழமை கொடுத்த, வெங்காயம் போட்ட சொதி யாருக்கும் ஞாபகம் இருக்காது. தினம் கொஞ்சமாகக் கொடுத்தாலும் சேர்ந்து சேர்ந்து அதே இடத்துக்குத்தான் போகும்.

சரி, அப்படியானால் அவன் வாசலில் படுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதானா? இல்லை. நான் எல்லோருக்கும் சொல்லும் வழி ஒன்றுதான்: உப்பு, புளி, வெங்காயம் விழுவதற்கு முன்னால் அவன் பங்கை எடுத்து வைத்துவிடுங்கள். சூப்புக்குக் கோழி அவிக்கிறீர்களா? முதலில் வெறும் தண்ணீரில் அவித்து, தோலும் எலும்பும் இல்லாத ஒரு பிடி இறைச்சியையும் இரண்டு கரண்டி தண்ணீரையும் தனியே எடுங்கள். அதில் கொஞ்சம் குழைந்த சோறு, அவித்த கரட், பூசணி. ஆறியதும் வைத்தால் அதுவே அவனுக்கு ஸ்நோ நாள் கஞ்சி. அவித்த முட்டை, வெறும் இடியப்பம், வெறும் இட்லி, உப்பில்லாத தயிர் ஒரு கரண்டி, எல்லாம் சரிதான். தேங்காய்ப்பூ நிறையப் போட்ட புட்டு கொடுத்தால் மறுநாள் வயிறு இளகும், அதுவும் ஸ்நோவில் வெளியே போக மறுக்கிற நாய்க்கு!

அளவு பற்றியும் சொல்ல வேண்டும். 20 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1000 கலோரி தேவை. வழக்கமான உணவுக்கு வெளியே கொடுப்பது அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 100 கலோரி என்பது அரைக் கப் சோறு, அல்லது இரண்டு இட்லி, அவ்வளவுதான். இந்தக் கஞ்சியையே முழுச் சாப்பாடாக ஆக்கிவிடாதீர்கள். சோறும் இறைச்சியும் மட்டும் என்றால் கல்சியம் போதாது. நடை குறைந்து சோபாவில் கிடக்கிற வாரங்களில் வழக்கமான உணவையும் சற்றுக் குறையுங்கள். ஏப்ரலில் என்னிடம் வருகிற நாய்களில் பாதி வட்டமாகத்தான் வருகின்றன.

கொடுக்கவே கூடாத வேறு சிலவும் உண்டு. ஆட்டுக்கறியின் கொழுப்பும் நெய்யும் கணையத்தில் அழற்சியைக் கிளப்பும். சமைத்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். ஹொட் சொக்லேட்டுக்கு வைத்திருக்கும் இனிப்பில்லாத கோக்கோத் தூள் 20 கிராம், அதாவது நான்கைந்து மேசைக்கரண்டி, உங்கள் நாய்க்கு வாந்தியும் படபடப்பும் வரவழைக்கப் போதும். சீனி இல்லாத சூயிங்கம்மில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரையை விழுத்தக்கூடியது. சில பீநட் பட்டரிலும் அதைச் சேர்க்கிறார்கள், எனவே லேபிளைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

இனி வெளியே. குட்டை முடி நாய்க்குப் பூச்சியத்துக்குக் கீழே போனாலே ஒரு கோட் வேண்டும். மைனஸ் 10 அளவில் கால் மணி நேர நடை போதும். விண்ட்சில், அதாவது காற்றோடு சேர்த்து உடம்பு உணரும் குளிர், மைனஸ் 20க்குக் கீழே என்றால் வேலையை முடித்துவிட்டு உள்ளே வரட்டும். கனடாவின் வானிலைத் துறை, விண்ட்சில் மைனஸ் 28ஐத் தொட்டால் மூடாத மனிதத் தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம் என்று எச்சரிக்கிறது. நாயின் காது நுனியும் வால் நுனியும் அதே போல உறையக்கூடியவைதான். ஆனால் தெர்மாமீட்டரைவிட நாயைப் பாருங்கள். நடுங்குகிறதா, முதுகைக் கூனுகிறதா, பாதத்தை மாற்றி மாற்றித் தூக்குகிறதா, திரும்பி வாருங்கள். காது வெளுத்து விறைத்திருந்தால் தேய்க்கக்கூடாது. வெதுவெதுப்பான ஈரத்துணியால் மெதுவாக ஒற்றிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பாதத்தைத் தூக்குவதற்குக் குளிர் மட்டும் காரணமில்லை. நடைபாதையில் கொட்டும் உப்பு விரலிடுக்கில் போய் எரியும். அதிலும் கல்சியம் குளோரைட் கலந்தது தண்ணீர் பட்டதும் சூடாகும். அதை நக்கினால் வாந்தி. வாசலில் ஒரு தட்டத்தில் வெதுவெதுப்பான தண்ணீரும் துணியும் வையுங்கள். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள். சப்பாத்து போடலாம், ஆனால் இரண்டு மூன்று நாள் வீட்டுக்குள் போட்டுப் பழக்கிவிட்டு. முதல் நாள் குதிரை மாதிரிக் காலைத் தூக்கி வைக்கும். வீடியோ எடுங்கள், சிரித்துக்கொண்டே கோபித்துக்கொள்ளாமல் இருங்கள். உங்கள் வாசலுக்கு உப்புக்குப் பதில் மணல் தூவினால் பாதி வேலை குறையும்.

ஒன்றுக்குப் போகாத பிரச்சினைக்குத் தீர்வு ஷவல்தான். கோடையில் வந்த நாய் புல்லைக் காலில் உணர்ந்துதான் வேலையை முடிக்கப் பழகியிருக்கிறது. வயிறு வரை ஸ்நோ நின்றால் இது எந்த இடம் என்றே அதற்குப் புரியாது. பின்வளவில் ஒரு மேசையளவு இடத்தைப் புல் தெரியும் வரை வழித்துவிடுங்கள், கதவிலிருந்து அங்கே ஒரு பாதையும். அவனுடைய சிறுநீர் பட்ட கடதாசி ஒன்றை அங்கே போட்டு வைத்தால் வாசனை வழிகாட்டும். போனதும் அந்த இடத்திலேயே ஒரு துண்டு கோழி. ஸ்நோ விழுந்துகொண்டே இருந்தால் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும் என்பது உண்மைதான். ராணுவத்தை வரவழைத்து ஸ்நோ அள்ளிய ஊர் இது, 1999 ஜனவரியில். உங்களுக்கு மட்டும் விலக்கு எப்படிக் கிடைக்கும்? அப்படியே வேலியோரம் குவிந்த ஸ்நோவையும் பாருங்கள். அது இறுகினால் படிக்கட்டு மாதிரியாகி, நாய் வேலிக்கு மேலே ஏறிப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். ஃபர்னஸ் புகை வெளியேறும் குழாய் வீட்டுப் பக்கச் சுவரில் இருந்தால் அதையும் மூடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு உங்களுக்கும் ஆபத்து, அவனுக்கும் ஆபத்து.

நடை குறைந்த நாளில் அவன் மூக்குக்கு வேலை கொடுங்கள். காலைச் சாப்பாட்டைக் கிண்ணத்தில் வைக்காமல் ஒரு பழைய துவாயில் தூவிச் சுருட்டிக் கொடுங்கள், அவனே பிரித்து எடுக்கட்டும். அப்புறம் மூன்று அறைகளில் ஒவ்வொரு துண்டு கோழியை ஒளித்துவிட்டுத் தேடச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து நிமிட மோப்ப வேலை அவனை நன்றாகவே களைக்க வைக்கும். பகலில் நீங்கள் மீட்டிங்கில் இருக்கும்போது தூங்கிக்கொண்டே இருக்கிறானே என்று கவலைப்படாதீர்கள். வளர்ந்த நாய் ஒரு நாளைக்கு 12 முதல் 14 மணி நேரம் தூங்குவது வழக்கம். ஹீட்டரால் காற்று உலர்ந்து தோலில் பொடுகு வரும். குளிப்பாட்டுவதைக் குறையுங்கள், தண்ணீர்க் கிண்ணத்தை எப்போதும் நிரப்பி வையுங்கள்.

கராஜில் ஆண்டிஃப்ரீஸ் (கார் எஞ்சின் உறையாமலிருக்க ஊற்றும் திரவம்) ஒழுகியிருந்தால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைகோல் இனிப்பாக இருக்கும், நாய் விரும்பி நக்கும், சில மணி நேரத்துக்குள் மாற்று மருந்து கொடுக்காவிட்டால் சிறுநீரகம் போய்விடும். புளியோ திராட்சையோ சொக்லேட்டோ தின்றுவிட்டாலும் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் நாட்டு வைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த உப்பே உயிரை எடுத்துவிடும். தின்றதன் பாக்கெட்டையும் கையில் எடுத்துக்கொண்டு, இரவிலும் திறந்திருக்கும் கிளினிக்குக்குப் போன் செய்துவிட்டுப் புறப்படுங்கள். அந்த நம்பரையும், ஸ்நோவில் அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் இன்றைக்கே ஃபிரிட்ஜில் எழுதி ஒட்டிவிடுங்கள்.