லாம்டாவுக்குள் ரிட்டர்ன் எதை முடிக்கும்?

கேள்வி: ஜாவாவில் ஒரு பட்டியலின் ஃபார்ஈச்சுக்குள், வரி காலியாக இருந்தால் 'ரிட்டர்ன்' என்று எழுதியிருந்தேன். அந்த வரியை மட்டும் தாண்டிவிட்டு மீதியைப் படிக்கும். அப்படியே கோட்லினுக்குக் கையால் மாற்றினேன். பிழை எதுவும் காட்டவில்லை; ஆனால் முதல் காலி வரியோடு எல்லாம் நின்றுவிடுகிறது.

பதில்: ஜாவாவில் அந்த ரிட்டர்ன் லாம்டாவை (ஃபார்ஈச்சுக்கு நீங்கள் தரும் பெயரில்லாத சிறு ஃபங்ஷனை) மட்டும் முடிக்கும். கோட்லினில் வெறும் ரிட்டர்ன், தன்னைச் சுற்றி 'ஃபன்' என்று தொடங்கும் மிக அருகிலுள்ள ஃபங்ஷனையே முடித்துவிடும். கோட்லினின் ஃபார்ஈச் இன்லைன் ஃபங்ஷன் (அழைக்கும் இடத்திலேயே தன் கோடும் லாம்டாவின் கோடும் பதிக்கப்படும் வகை) என்பதால் கம்பைலர் இதை அனுமதிக்கிறது. உங்கள் ஃபங்ஷன் மதிப்பு எதையும் தராததால் டைப் பிழையும் எழவில்லை. 'ரிட்டர்ன்@ஃபார்ஈச்' என்று, நடுவே இடைவெளி விடாமல் எழுதுங்கள்; @-க்குப் பின் வரும் பெயர்தான் லேபிள், எந்த லாம்டாவை முடிப்பது என்று அது சொல்லும்.

பட்டியலிலிருந்து வேண்டிய உறுப்புகளை மட்டும் எடுக்கும் ஃபில்டரில் இது இன்னும் ஆபத்து. வெளி ஃபங்ஷன் பூலியன் தருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டருக்குள் மாற்றாமல் விட்ட 'ரிட்டர்ன் ஃபால்ஸ்' சத்தமில்லாமல் கம்பைல் ஆகும். ஓர் உறுப்பைக் கழிப்பதற்குப் பதிலாக, ஃபங்ஷனே ஃபால்ஸ் தந்து வெளியேறிவிடும். டெஸ்ட் இல்லாவிட்டால் கண்ணில் படவே படாது. அங்கே 'ரிட்டர்ன்@ஃபில்டர் ஃபால்ஸ்' வேண்டும். லாம்டாவின் கடைசி வரியில் இருந்தாலோ ரிட்டர்னே வேண்டாம்; கடைசியாக நிற்கும் மதிப்புதான் லாம்டாவின் விடை.

கேள்வி: வேறு சில இடங்களில் ரிட்டர்னுக்கு இங்கே அனுமதி இல்லை என்று கம்பைலர் மறுப்பது ஏன்?

பதில்: அவை இன்லைன் அல்லாதவை. ரன்னபிள், எக்ஸிக்யூட்டரின் சப்மிட் போன்றவற்றுக்குத் தரும் லாம்டா, வெளி ஃபங்ஷன் முடிந்த பிறகும் ஓடலாம். முடிந்துபோனதிலிருந்து எப்படி வெளியேறுவது? 'ரிட்டர்ன்@ரன்னபிள்', 'ரிட்டர்ன்@சப்மிட்' என்று போட்டால் சரியாகும். லாம்டாவை ஒரு வேரியபிளில் வைத்திருந்தால், அதன் அடைப்புக்கு முன் நீங்களே ஒரு லேபிள் வையுங்கள். இல்லையென்றால் பெயரில்லாத 'ஃபன்' எழுதுங்கள். அதற்குள் வெறும் ரிட்டர்ன் அதை மட்டுமே முடிக்கும்.

கீ, வேல்யூ இணைகளை வைத்திருக்கும் மேப்பில் ஒரு பொறி உண்டு. ஃபார்ஈச்சில் கீ, வேல்யூ இரண்டையும் வெறும் கமா போட்டு எழுதினால் ஜாவாவின் ஃபார்ஈச் அழைக்கப்படும். வெறும் ரிட்டர்ன் அங்கே பிழை. அவற்றையே பிறை அடைப்புக்குள் எழுதினால் கோட்லினுடையது. ரிட்டர்ன் கம்பைல் ஆகி ஃபங்ஷனை முடிக்கும்.

கேள்வி: பாதியில் சுற்றையே நிறுத்த என்ன வழி?

பதில்: 'ரிட்டர்ன்@ஃபார்ஈச்' அதைச் செய்யாது, அது கன்டின்யூ போலத்தான். சாதாரண ஃபார் லூப்பும் பிரேக்கும் போதும். ஒன்றைத் தேடத்தான் சுற்றுகிறீர்கள் என்றால் ஃபர்ஸ்ட்ஆர்நல் இன்னும் சுருக்கம். ஒரு ஃபார்ஈச்சுக்குள் இன்னொரு ஃபார்ஈச் இருந்தால் அந்த லேபிள் உள்ளே இருப்பதையே குறிக்கும். வெளியே இருப்பதற்குத் தனி லேபிள் கொடுங்கள்.