சிம்பிளான லோடு வண்டிகளை ஏன் இன்னும் இத்தனை பேர் தேடித் தேடி வாங்குறாங்க?

கேள்வி கேட்டவர் கூடவே, "இப்ப ஏசி, டச் ஸ்கிரீன் வச்ச பிக்கப்பெல்லாம் வந்துடுச்சே, இன்னும் ஏன் குட்டி யானை, தோஸ்த்துன்னு அலையுறாங்க"ன்னும் கேட்டிருக்கார். குட்டி யானைன்னா டாடா ஏஸ், தோஸ்த்துன்னா அசோக் லேலண்டோட சின்ன லோடு வண்டி. எங்களுக்கு புதுக்கோட்டை பக்கம் பந்தல், பாத்திர வாடகைக் கடை. வீட்ல கார் வர்றதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடியே லோடு வண்டி வந்துடுச்சு, அதனால இந்த விஷயத்துல நான் நடுநிலை எல்லாம் கிடையாது.

கார் வாங்குறவர் சம்பளத்துல இருந்து கடன் டியூ கட்டுவார். லோடு வண்டிக்கு அந்த வண்டியே ஓடித்தான் டியூ கட்டணும். டீசல், டிரைவர் பேட்டா, டயர், இன்சூரன்ஸ், எஃப்சி (வண்டி ஓடத் தகுதியா இருக்குன்னு வாங்குற சர்டிபிகேட்) எல்லாம் போக கைல ஏதாவது நிக்கணும். அப்படி கணக்கு போடுற ஆள் ஷோரூம்ல போய் நின்னார்னா எந்த வசதியைக் காட்டினாலும் அவர் மனசுல ஓடுறது ரெண்டுதான், இதுக்கு எவ்வளவு சேத்து வாங்குறான், இது கெட்டுப்போனா வண்டி எத்தனை நாள் நிக்கும். எங்க தொழில்ல முகூர்த்த நாள் அன்னிக்கு வண்டி நின்னா அதோட வாடகை மட்டும் போகாது, ராத்திரி போய் சேர வேண்டிய அண்டாவும் அடுப்பும் போகலன்னா சமையல்காரர்ல இருந்து பொண்ணு வீட்டுக்காரர் வரைக்கும் ஃபோன்ல வச்சு செஞ்சுடுவாங்க, அடுத்த கல்யாணத்துக்கு ஆர்டர் வேற கடைக்குப் போயிடும்.

இந்த வண்டிகள்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது பின்னாடி இருக்கிற பாடிதான். தட்டையான தளம், சில மாடல்ல மூணு பக்கமும் கதவு இறங்கும். நூறு பிளாஸ்டிக் சேரை அடுக்கி கயிறு போட்டு இழுத்துக் கட்டலாம், ஜெனரேட்டரை சைடுல இருந்து உருட்டி ஏத்தலாம், பந்தல் கம்பு நீளமா இருந்தா பின் கதவை இறக்கிவிட்டு நுனில ஒரு சிவப்புத் துணியைக் கட்டிட்டு கிளம்பலாம். தளமும் உயரம் கம்மி, ரெண்டு பேர் இருந்தா அண்டாவைத் தூக்கி வச்சிடலாம். ஆடி, மார்கழில கல்யாணம் இருக்காது, அப்ப அதே வண்டில நெல் மூட்டை போகும், சிமெண்ட் போகும், பக்ரீத் நேரத்துல ஆடு போகும். முடிஞ்சதும் ஒரு பைப்பைப் பிடிச்சு அடிச்சு விட்டா சுத்தம். கார்ப்பெட் போட்ட வண்டில இதெல்லாம் பண்ண எனக்கு மனசு வராது.

பழைய நிலைமையும் கொஞ்சம் தெரிஞ்சாதான் இது புரியும். 2005க்கு முன்னாடி சின்ன லோடுன்னா ஒண்ணு மூணு சக்கர லோடு ஆட்டோ, இல்லன்னா மெட்டடோர், டாடா 407 மாதிரி பெரிய வண்டி. லோடு ஆட்டோவை பைபாஸ்ல லாரி, பஸ் நடுவுல நம்பி விட முடியாது, 407ஐ அரை லோடுக்குக் கூப்பிட்டா வாடகை கட்டுப்படியாகாது. அந்த இடைவெளிலதான் 2005 மே மாசம் டாடா ஏஸ் வந்துச்சு. அந்தத் திட்டத்தை நடத்தினவர் டாடா மோட்டார்ஸோட கிரீஷ் வாக். இண்டிகா காரோட நாலு சிலிண்டர் டீசல் இன்ஜினை பாதியாக்கின மாதிரி ரெண்டு சிலிண்டர், 702 சிசி, வெறும் 16 குதிரைத்திறன், முக்கால் டன் லோடு, விலை ரெண்டே கால் லட்சத்தை ஒட்டி. பேப்பர்ல பாத்தா சிரிப்பா வரும், இன்னிக்கு ஒரு நல்ல பைக்குக்கே அதைவிட பவர் ஜாஸ்தி. ஆனா சந்துக்குள்ள பூந்து திரும்பி வரும், நாலு சக்கரம், மழைக்கு ஒரு கூரை. அதுவரைக்கும் அடுத்தவன் வண்டிக்கு டிரைவரா இருந்த எத்தனையோ பேர் முன்பணம் கட்டி சொந்த வண்டி எடுத்தது அப்பதான். ஸ்டாண்டுல நிக்கிறவங்கள்ல பாதிக்குப் பாதி ஓனரே டிரைவரா இருக்கிறதுக்கு இதுதான் ஆரம்பம்னு நான் நினைக்கிறேன். இலங்கைலயும் இதே வண்டி டிமோ பட்டான்னு ஓடுது.

அப்புறம் 2011ல ஓசூர்ல இருந்து தோஸ்த் வந்துச்சு, அசோக் லேலண்டும் நிசானும் சேர்ந்து பண்ணது, மூணு சிலிண்டர், ஒண்ணே கால் டன். குட்டி யானைக்கு மேல, பெரிய லாரிக்குக் கீழ வேணும்னு இருந்த மார்க்கெட் காய்கறிக்காரங்க, தண்ணி கேன் போடுறவங்க நிறைய பேர் அதுக்கு மாறினாங்க. கட்டுமான சாமான், தூர ஓட்டம், மேட்டு ரோடுன்னா மஹிந்திரா பொலிரோ பிக்கப், அதுல இன்ஜின் முன்னாடி மூக்குக்குள்ள இருக்கு, பானெட்டைத் தூக்கினா எல்லாம் கைக்கு எட்டும். குட்டி யானைல சீட்டைத் தூக்கணும், மே மாசம் அந்த சீட்ல உக்காந்து ஓட்டினவங்களுக்குத் தெரியும் அந்த சூடு.

சட்டத்துலயும் சின்ன வண்டிக்கு சில சௌகரியம் இருக்கு, இதை யாரும் பெருசா சொல்றதில்ல. மொத்த எடை, அதாவது வண்டியும் லோடும் சேர்த்து, 3000 கிலோவுக்குள்ள இருக்கிற சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்ல. பிக்கப்லயே சில பெரிய மாடல் அந்த வரம்பைத் தாண்டிடும், வாங்குறப்ப ஆர்சில (வண்டிப் பதிவுச் சான்று) வரப்போற எடையைக் கேட்டுக்கோங்க. லைசென்ஸும் அப்படித்தான், 7500 கிலோ வரைக்கும் உள்ள சரக்கு வண்டியை கார் ஓட்டுற எல்எம்வி லைசென்ஸ் வச்சே ஓட்டலாம்னு 2017ல சுப்ரீம் கோர்ட் சொன்னதை 2024 நவம்பர்ல அஞ்சு நீதிபதி பெஞ்சும் உறுதி பண்ணிடுச்சு. அதனால டிரைவர் வரலன்னா கடை ஓனரே சாவியை எடுத்துட்டு கிளம்பலாம், நாங்க பல முகூர்த்தத்தை அப்படித்தான் ஓட்டியிருக்கோம்.

ரிப்பேர் விஷயம்தான் பெரிய விஷயம். பழைய டீசல் வண்டில ஸ்டார்ட் ஆகலன்னா டீசல் வருதா, காத்து புடிச்சிருக்கா, பேட்டரி இருக்கான்னு பாத்தா முக்கால்வாசி முடிஞ்சிடும். எந்த ஊர் ரோட்டோரத்துலயும் ஒரு மெக்கானிக் ரெண்டு ஸ்பேனரோட வந்து கிளப்பி விட்டுடுவார், பார்ட்ஸ் எந்த ஆட்டோமொபைல் கடைலயும் தொங்கும். 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6ங்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததுக்கப்புறம் சென்சார், இசியுங்கிற இன்ஜின் கம்ப்யூட்டர், புகையை சுத்தம் பண்ற சாமான்னு ஏகப்பட்டது சேர்ந்துடுச்சு. எங்களோட புது வண்டி ஒண்ணு (கம்பெனி பேர் வேணாம்) டேஷ்போர்டுல ஒரு மஞ்சள் லைட்டு போட்டுட்டு நாப்பதுக்கு மேல போக மாட்டேன்னு அடம் பிடிச்சுச்சு, ஸ்கேனர் வச்சிருக்கிற சர்வீஸ் சென்டர் திருச்சிலதான், அங்க போனா சென்சார் ஆர்டர் போட்டிருக்கோம் சார்னு சொல்லி ரெண்டு கல்யாணம் போற வரைக்கும் நிறுத்தி வச்சுட்டாங்க. அதுக்காக கறுப்புப் புகை விட்டுட்டுத் திரியணும்னு சொல்லல, அந்தப் புகையை பின்னாடி பைக்ல வர்றவன்தானே குடிக்கிறான். என் ஆதங்கமெல்லாம், சுத்தமான இன்ஜின் வந்த அளவுக்கு அதை ரிப்பேர் பண்ற கை சின்ன ஊருக்கு வரல.

கம்பெனிக்காரங்களுக்கும் இது தெரியாம இல்ல. 2025 ஜூன்ல டாடா ஏஸ் ப்ரோன்னு ஒண்ணு விட்டாங்க, அப்ப 3.99 லட்சத்துல ஆரம்பம், அதே முக்கால் டன், பெட்ரோல்லயும் வருது, கரண்ட்லயும் வருது. அதே வருஷம் செப்டம்பர்ல சரக்கு வண்டி ஜிஎஸ்டியும் 28ல இருந்து 18 சதவீதம் ஆச்சு. தாய்லாந்துல டொயோட்டா 2023ல ஹைலக்ஸ் சாம்ப்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு, அப்ப 4,59,000 பாட்ல (தாய்லாந்துப் பணம்) இருந்து, மொட்டைத் தளம், மேல கூண்டு கட்டணுமா, கடை கட்டணுமா, நீங்களே போல்ட் போட்டு மாட்டிக்கோங்கன்னு ஓட்டை போட்டே குடுக்குறாங்க. நம்ம ஊருக்கு அதே டொயோட்டா 2022ல கொண்டு வந்த ஹைலக்ஸ் அப்ப 34 லட்சம் பக்கம் இருந்துச்சு. அருமையான வண்டிதான், ஆனா அதுல இட்லி கொப்பரையை ஏத்த யாருக்கு மனசு வரும்?

குறையும் சொல்லணும். குட்டி யானைல முன்னாடி மோதினா நம்ம முழங்காலுக்கும் எதிர்ல வர்ற வண்டிக்கும் நடுவுல ஒரு தகடுதான். முக்கால் டன் வண்டில ஒண்ணரை டன் ஏத்துறது ஊருக்கு ஊர் நடக்குது, ஸ்பிரிங் பட்டை ரெண்டு சேத்துப் போட்டுட்டா வண்டி தாங்கிடும்னு நினைக்கிறாங்க, பட்டை தாங்கும், பிரேக் தாங்காது. இறக்கத்துல மாட்டினா அவ்ளோதான்.

உங்களுக்கு வாங்குற யோசனை இருந்தா: டவுனுக்குள்ளயே ஓட்டம், லோடு முக்கால் டன்னுக்குள்ளன்னா ஏஸ் போதும், பெட்ரோல் எடுத்தாலும் பரவால்ல, சிஎன்ஜி பங்க் பக்கத்துல இருந்தா அது இன்னும் நல்லது. ஒரு டன்னுக்கு மேல தினமும் போகும்னா தோஸ்த்தோ பொலிரோவோ எடுங்க, சின்ன வண்டில அதிகமா ஏத்தி சமாளிக்கலாம்னு நினைக்காதீங்க. செகண்ட் ஹேண்ட் பாக்குறீங்கன்னா புது பெயின்ட்டு, தார்ப்பாய் எல்லாம் விட்டுட்டு வண்டிக்கு அடில படுத்து சேசிஸ்ல (அடிச்சட்டம்) எங்க வெல்டிங் வச்சிருக்கான்னு பாருங்க, ஸ்பிரிங் பட்டையை எண்ணுங்க. கூடுதலா ரெண்டு பட்டை இருந்துச்சுன்னா ஓனர் என்ன சத்தியம் பண்ணாலும் விலையைக் குறைச்சுக் கேளுங்க.