புராணமும் மதமும் கலந்த அறிவியல் புனைகதைகள், மிகைபுனைவு நாவல்களில் எவற்றைப் படிக்கலாம்?

தேவர்கள் கையில் லேசர் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் புராண நாவல் என்று விற்பவை ஏராளம். அவற்றை விடுங்கள். நம்பிக்கையை உருவிவிட்டால் கதையே நிற்காது என்கிற நாவல்களை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ரோஜர் ஸெலாஸ்னியின் 'லார்ட் ஆஃப் லைட்' (1967). வேற்றுக் கிரகத்தில் குடியேறிய விண்கலத்தின் ஆட்கள், உடல்விட்டு உடல் மாறும் தொழில்நுட்பத்தைக் கைக்குள் வைத்துக்கொண்டு பிரம்மா, எமன், காளி என்று கடவுள்களாகவே உட்கார்ந்துவிடுகிறார்கள். அடுத்த பிறவி வேண்டுமா? கர்மக் கணக்குப் பார்ப்பவர்கள் உங்கள் மனதைத் துழாவுவார்கள். அடங்கி நடந்திருந்தால் இளமையான உடல். முறைத்துக்கொண்டிருந்தால் நாயாகப் பிறக்கவும் நேரலாம். காசு போட்டுப் பிரார்த்திக்கும் இயந்திரம்கூட உண்டு. இந்த ஏற்பாட்டை உடைக்கக் கிளம்பும் சாம், பூமியின் புத்தரை இரவல் வாங்குகிறான். அவனுக்கு அதில் நம்பிக்கை கிடையாது, வெறும் அரசியல் ஆயுதம். ஆனால் அவனைக் கொல்ல வந்த ரில்ட், அந்த உபதேசத்தைக் கேட்டு நிஜமாகவே ஞானம் அடைந்துவிடுகிறான்! போலி குருவுக்கு அசல் சீடன். அந்தப் பகுதிக்காகவே படிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: முதல் அத்தியாயம் கதையின் பிற்பகுதியில் நடப்பது. இரண்டாவதில்தான் முன்கதை தொடங்கும். குழம்பி மூடி வைத்துவிடாதீர்கள். அப்புறம், 1980-இல் ஈரானின் தெஹ்ரானில் சிக்கிய ஆறு அமெரிக்கர்களைப் படக்குழு என்று சொல்லி மீட்க அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ போட்ட போலி சினிமா நாடகத்துக்குக் கைகொடுத்தது, இந்த நாவலின் படமாகாத திரைக்கதைதான்.

அடுத்தது வால்டர் எம். மில்லரின் 'எ கேன்டிகிள் ஃபார் லீபோவிட்ஸ்' (1959). அணுகுண்டுப் போருக்குப் பிறகு மக்கள் படித்தவர்களைக் கொன்று புத்தகங்களை எரிக்க, மிஞ்சியதைப் பாலைவன மடத்துத் துறவிகள் காப்பாற்றுகிறார்கள். ஒரு பொறியாளரின் மளிகைப் பட்டியல்கூடப் புனிதப் பொருளாகிவிடுகிறது. அவருடைய மின்சுற்று வரைபடத்துக்குப் பொருள் புரியாமலே, தங்கம் இழைத்து வருடக்கணக்கில் நகலெடுக்கிறார் ஓர் இளந்துறவி. சிரிப்பு வரும், ஆனால் மில்லர் அவரைக் கேலி செய்வதில்லை. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் மான்டே கசினோ என்ற பழைய கிறிஸ்தவ மடத்தின் மீது குண்டு வீசிய விமானப்படையில் இருந்தவர் அவர். அந்தக் கனம் நாவலில் தெரிகிறது.

மேரி டோரியா ரஸ்ஸலின் 'தி ஸ்பாரோ' (1996), வேற்றுக்கிரகத்திலிருந்து வரும் பாட்டைக் கேட்டு அங்கே போகும் இயேசு சபைப் பாதிரியாரின் கதை. மனதைப் பிசையும் வன்முறை உண்டு. துணிந்தால் படியுங்கள்.

தமிழில் என்றால் ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997). யுகத்துக்கு ஒருமுறை புரண்டு படுப்பதாக நம்பப்படும் பெருமாள், அவரைச் சுற்றி ஒரு பிரம்மாண்டக் கோயில் நகரம். நடுப்பகுதியின் தத்துவ விவாதங்கள் சிலருக்கு அலுக்கும். எனக்கு அதுதான் பிடித்தது. ஆங்கிலத்தில் நீளமாகப் படிப்பது சிரமம் என்றால் நேரே இதிலேயே தொடங்கிவிடுங்கள்.