சிகே-எம்பி கூடுச்சா கொறஞ்சுச்சா?

வணக்கம் அண்ணா,
போன மாசம் அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வச்சாங்க. ரிப்போர்ட்ல ட்ரோபோனின், சிகே-எம்பி ரெண்டும் ஹை, கார்டியாக் என்சைம் கூடிருக்குன்னாங்க. இப்ப சொந்தக்காரர் ஒருத்தர், ஹார்ட் பேஷன்ட்டுக்கு தசையில என்சைம் கொறஞ்சிடும், கோஎன்சைம் க்யூ10 வாங்கிக் குடுங்கங்கறார். எதை நம்புறது?
எஸ்.

வணக்கம் எஸ்,
ரெண்டும் சரிதான், ஆனா ஆஸ்பத்திரில சொன்னது ரத்தத்தைப் பத்தி, சொந்தக்காரர் சொல்றது தசையைப் பத்தி. மூட்டை கிழிஞ்சு அரிசி தரையில கொட்டிக் கெடந்தா வீட்ல அரிசி கூடிடுச்சுன்னா சொல்லுவோம்? சிகேங்கறது கிரியேட்டின் கைனேஸ்ங்கற என்சைம், சிகே-எம்பி அதுல இதயத்துல நெறைய இருக்கற வகை. அது இருக்க வேண்டிய எடம் தசை செல்லுக்குள்ள, ரத்த ஓட்டம் அடைபட்டு செல் சாகும்போது அது வெளிய கசியுது, நாலஞ்சு மணி நேரத்துல ஏற ஆரம்பிச்சு ஒரு நாள் வாக்குல உச்சத்துக்குப் போயி ரெண்டு மூணு நாள்ல எறங்கிடும். 1954ல நியூயார்க்ல அட்டாக்கை இப்படி ரத்தத்துல கண்டுபிடிக்க உதவுனது எஸ்ஜிஓடிங்கற இன்னொரு என்சைம், அதாங்க, இப்ப லிவர் டெஸ்ட்ல வருதே, அதேதான். (ட்ரோபோனின் தசையில இருக்கற ஒரு புரதம், என்சைமே கெடையாது, பேச்சு வழக்குல அதையும் சேத்துக்கிட்டாங்க.)

தசைக்குள்ள சிகேவுக்கு ஓயாத வேலை. இதயத்துல இருக்கற ஏடிபி, அதாவது செல்லுக்கு சக்தி குடுக்கற பொருளோட கையிருப்பு சில நொடிக்குத்தான் காணும், கிரியேட்டின் பாஸ்பேட்ல இருந்து பாஸ்பேட்டை உருவி உடனுக்குடன் ஏடிபி பண்ணிக் குடுக்கறது இதுதான். ஹார்ட் ஃபெயிலியர் ஆன, அதாவது பம்ப் பண்ற பலம் கொறஞ்ச இதயத்தோட தசையில இந்த வேகம் கொறையுது, ட்ரான்ஸ்பிளான்ட் அப்ப வெளிய எடுத்த இதயங்கள்லயும் பாத்திருக்காங்க, கத்தி வைக்காம எம்ஆர் ஸ்பெக்ட்ராஸ்கோபிங்கற ஸ்கேன்லயும் பாத்திருக்காங்க. ஆனா அட்டாக் வந்த எல்லாருக்கும் ஃபெயிலியர் வராது, அப்பாவோட எக்கோல ஈஎஃப் (ஒரு துடிப்புல இதயம் எத்தனை சதவீத ரத்தத்தை வெளிய தள்ளுதுங்கற கணக்கு) எவ்வளவுன்னு மொதல்ல பாருங்க.

க்யூ10 என்சைம் இல்ல, செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கற மைட்டோகாண்ட்ரியாவுல ஒரு என்சைம்கிட்ட இருந்து அடுத்ததுக்கு எலெக்ட்ரானைக் கொண்டுபோய் சேக்கற பொருள். 1957ல மாட்டு இதயத்துல இருந்து பிரிச்செடுத்தாங்க, ஃபெயிலியர் முத்த முத்த தசையில அது கொறையறதை அமெரிக்க வேதியியலாளர் கார்ல் ஃபோக்கர்ஸ் குழு பயாப்சில காட்டுச்சு. 2014ல வெளியான க்யூ-சிம்பியோ ஆய்வுல 420 ஃபெயிலியர் பேஷன்ட், ஒரு பாதிக்கு தினம் 300 மில்லிகிராம், ரெண்டு வருஷம். பெரிய பாதிப்பு வந்தது மாத்திரை எடுத்தவங்கள்ல 15 சதவீதம், டம்மி எடுத்தவங்கள்ல 26. நல்ல ரிசல்ட்தான், ஆனா இந்த வியாதிக்கு 420 பேர்ங்கறது சின்னக் கூட்டம், அதுவும் ஃபெயிலியர் ஆனவங்க மட்டும்.

எனக்கு எரிச்சலா வர்றது என்சைமை ஏத்துனா ஹார்ட்டுக்கு நல்லதுங்கற பொத்தாம்பொதுப் பேச்சுதான். அப்பா சீட்டுல ராமிப்ரிலோ எனலாப்ரிலோ இருக்கா பாருங்க, அது ஏசிஇங்கற என்சைமை அடக்கற மாத்திரை. ஃபெயிலியர் ஆன தசையில சிகே எறங்குதுன்னா ஏசிஇ ஏறுது, ரத்தக்குழாயை இறுக்கி தசையில தழும்பு ஏத்தற ஆஞ்சியோடென்சினை உண்டாக்கறதே அதுதான்.

க்யூ10 குடுக்கறதா இருந்தா கார்டியாலஜிஸ்ட்கிட்ட கேட்டுட்டு குடுங்க, அப்பா ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிட்டா கட்டாயம் கேக்கணும், அதோட வேகத்தை க்யூ10 கொறைக்க வாய்ப்பிருக்கு, ஐஎன்ஆர்ங்கற ரத்தம் உறையற டெஸ்ட் பாக்க வேண்டி வரும். ஸ்டென்டுக்குக் குடுத்த ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெலை மட்டும் டாக்டர் சொல்லாம யார் பேச்சைக் கேட்டும் நிறுத்திடாதீங்க.