எழினி என்று பெயரிடலாமா? கேள்வி பதில்

குழந்தைக்கு எழினி என்று பெயரிட எண்ணும் பெற்றோரின் கேள்விகளுக்கு, சேலத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர் பதில் தருகிறார்.

அஸ்தம்பட்டி: ஐயா, இது அரிதான பெயரா?

அரிதுதான். வருகைப் பதிவேட்டில் இந்தப் பெயரை நான் வாசித்ததே இல்லை. யாழினி, தமிழினி பெருகிய பிறகு இதுவும் அங்கங்கே காதில் விழுகிறது. தயங்காமல் வையுங்கள். சங்ககாலத்தில் தகடூரை ஆண்ட அதியர் குடியில் வழங்கிய பெயர் இது. தகடூர் இன்றைய தருமபுரி. 1965 வரை நம் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது.

செவ்வாய்ப்பேட்டை: மாமியார் 'எளினி' என்கிறார், பெங்களூரில் இருக்கும் அண்ணன் 'எசினி' என்கிறார். எது சரி?

இரண்டும் இல்லை. முதலெழுத்து குறில், 'ஏ' என்று நீட்டக் கூடாது. அடுத்து ழகரம். நுனிநா அண்ணத்தை வருட இது பிறக்கும் என்கிறது தொல்காப்பியம். நாவை மேலே வளைத்து, அழுந்தத் தொடாமல் ஒலியை விடுங்கள். அழுந்தினால் 'ள' ஆகிவிடும். மாமியாரைப் பேர்த்தி முன்னால் திருத்தாதீர்கள். மழை, வாழை, பழம் என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கும்போது அவரும் கூடவே சொல்லட்டும்.

அண்ணன் தடுமாறுவது ஆங்கில எழுத்தால். ழகரத்துக்கு 'இசட்', 'எச்' இரண்டையும் சேர்த்து எழுதுவது நம் வழக்கம். வெளிமாநிலத்தார் இசட்டை மட்டும் படிப்பார்கள். ஆகவே வீட்டில் ஒலி முதலில் நிலைக்கட்டும்.

ஓமலூர்: எண்கணிதப்படி ஆங்கிலத்தில் இன்னோர் எழுத்து சேர்க்கலாமா?

வேண்டாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை. பெயரைப் பதிய ஓராண்டு வரை கட்டணம் இல்லை. அவசரப்படாமல் ஒரே எழுத்துமுறையை முடிவுசெய்து பதியுங்கள்.

ஆத்தூர்: சங்கப் பாட்டில் எழினி ஆண்மகன். பெண்ணுக்கு வைப்பது பிழையல்லவா?

முதல் பாதி சரி. ஔவையார் பாடிய பொகுட்டெழினி, அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன். தகடூர்ப் போரில் வீழ்ந்த எழினிக்காக அரிசில் கிழார் கலங்கிய பாட்டு புறநானூறு 230. தலையாலங்கானப் போரில் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் தோற்ற எழுவரிலும் ஓர் எழினி உண்டு. 'இ' என்று முடிந்தாலே பெண் என்று அன்று கொள்ளவில்லை. பாரி, காரி, நள்ளி, நம் பக்கத்துக் கொல்லிமலையை ஆண்ட ஓரி, எல்லாரும் ஆண்கள்.

ஆனால் 'பிழை' என்பதை ஏற்க மாட்டேன். பெயரின் பாலை வழக்கு தீர்மானிக்கிறது. வழக்கு மாறிக்கொண்டே இருப்பது. அதியர் குடியின் கொடையும் வீரமும் ஒரு பெண் குழந்தைக்கு ஏன் உரிமையாகக் கூடாது?

சூரமங்கலம்: எழினி என்றால் திரைச்சீலை. அந்தப் பொருளில் வைத்தால் இந்த வாதமே எழாதே?

உண்மை. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்று திரைகளைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை சொல்கிறது. அழகான பொருள்தான். ஆயினும் வாதத்துக்கு அஞ்சித் தகடூரை விட்டுவிடாதீர்கள். மகளுக்கு இரண்டையும் சொல்லுங்கள்.

மீண்டும் ஆத்தூர்: அப்படியானால் மகனுக்கு வைத்தால் பள்ளியில் கேலி செய்ய மாட்டார்களா?

சில நாள் செய்வார்கள். ஔவை பாடிய கதையை வகுப்பில் ஆசிரியரைச் சொல்லச் சொல்லுங்கள். பெண்ணுக்கு வைக்காதே என்று தடுப்பதைவிட, ஆணுக்கும் துணிந்து வைப்பதே பழைய வழக்கைக் காக்கும் வழி.

ஏற்காடு: எங்கள் விசாக நட்சத்திரத்துக்கு 'எ' பொருந்துமா?

சோதிடரைக் கேளுங்கள்.

அம்மாபேட்டை: 'எச்' எழுத்தை எடுத்துவிட்டால் கூட்டுத்தொகை நன்றாக வருகிறதே?

ஓமலூர்க்காரருக்குச் சொன்னதே உங்களுக்கும். 'எச்' போனால் ழகரமும் போய்விடும். தயவுசெய்து எண்ணுக்காகப் பெயரைச் சிதைக்காதீர்கள்.

மேட்டூர்: இரட்டைக் குழந்தைகள் ஐயா. மகள் எழினி, மகன் அஞ்சி என்று வைக்கலாமா?

அஞ்சி பெருவீரன் பெயர். ஆனால் இன்று கேட்பவர்களுக்குப் 'பயந்து' என்றே படும். மகனுக்கு அதியன் என்று வையுங்கள்.