முலாம் நகையும் மூன்று மார்ச்சும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கடன் சங்கத்தில், நகை மதிப்பீட்டாளர் சொந்தக்காரர்கள் பேரில் தங்க முலாம் பூசிய வெள்ளி நகைகளை அடகு வைத்து மூன்று வருடமாகப் பணம் எடுத்திருக்கிறார். ‘ஆள் சரியில்லை’ என்று எல்லோரும் முடித்துவிட்டார்கள். ஆள் மட்டும்தானா காரணம்?

ஆர்., சேலம்

அன்புள்ள ஆர்.,

ஆளும்தான். அதே ஓட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தும் கை வைக்காதவர்கள் இருக்கிறார்களே. கையாடலுக்காகச் சிறையில் இருந்தவர்களிடம் பேசி அமெரிக்கக் குற்றவியலாளர் டொனால்ட் கிரெஸ்ஸி 1953-ல் எழுதியதில் மூன்று விஷயம் வரும்: வெளியே சொல்ல முடியாத பண நெருக்கடி, வாய்ப்பு, ‘கடனாகத்தானே எடுக்கிறேன், திருப்பி வைத்துவிடலாம்’ என்ற சமாதானம். முதலும் மூன்றும் எடுப்பவர் மனசுக்குள் நடப்பவை. வாய்ப்பு சங்கம் கொடுத்தது.

உரைகல்லில் லேசாகத் தேய்த்தால் மேல்பூச்சுதான் கோடு விழும். அமிலம் விட்டாலும் அந்தக் கோடு கரையாமல் நிற்கும். ஓரத்தில் அரம் போட்டால் வெள்ளி பல்லைக் காட்டிவிடும். தண்ணீரிலும் பார்க்கலாம்: 40 கிராம் 22 காரட் கெட்டி வளையல் சுமார் 2.3 மில்லி தண்ணீரை உயர்த்தும், அதே எடை வெள்ளி 3.8. (கல் வைத்தது, அரக்கு அடைத்தது என்றால் இந்தக் கணக்கு உதவாது.) வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன உங்கள் ஊரில் இதை ஒருவர் ஒருநாள் செய்திருந்தால் போதும்.

ஏன் செய்யவில்லை? இப்படிப்பட்ட இடங்களில் மார்ச் வந்தால் பழைய கடனை மூடி, வட்டியையும் சேர்த்துப் புதுக் கடன் போடுவார்கள். நகைப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை. பெட்டகத்துக்கு இரண்டு பேரிடம் இருக்க வேண்டிய இரண்டு சாவி, ஆட்கள் நெரிசலான நேரத்தில் இரண்டும் ஒரே டிராயரில். மதிப்பீட்டாளருக்குக் கடன் ஒன்றுக்கு இவ்வளவு என்று கமிஷன். ‘இந்த நகை வேண்டாம்’ என்றால் நஷ்டம் அவருக்கு. முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களை முன்னறிவிப்பில்லாமல் குறைந்தது 10 வேலைநாள் லீவில் அனுப்பச் சொல்லி 2021-ல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது; ஆள் இல்லாதபோது வேறொருவர் அந்த வேலையைப் பார்த்தால் மறைத்தது வெளியே வரும். கமிஷன்காரர் பெரும்பாலும் ஊழியர் பட்டியலிலேயே இருக்கமாட்டார், அவரை யார் லீவில் அனுப்புவது?

இது நிறுவனத்திடம் திருடியது. நிறுவனத்துக்காகச் செய்யும் குற்றம் வேறு வகை. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் வாடிக்கையாளருக்கு ஆளுக்கு எட்டுச் சேவை விற்கச் சொல்லி நெருக்கியதில், கேட்காமலே கணக்கு திறந்தார்கள். அதற்காக வேலையிழந்தவர்கள் சுமார் 5,300 பேர் என்று 2016-ல் தெரியவந்தது. அத்தனை பேருமா ‘ஆள் சரியில்லை’?

உங்கள் சங்கத்தில் ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள்: அந்த மூன்று மார்ச்சிலும் புதுப்பித்த அடகுச் சீட்டுகளில் இரண்டாவது கையெழுத்து யாருடையது?